கோயில் மதிலும் கொள்ளிடத்து அணையும்

தா.பழூர் வட்டாரத்திலிருந்து கிழக்கே சென்றால், கொள்ளிடத்தின் குறுக்கே நீண்டு கிடக்கும் கீழணையை அணைக்கரையில் காணலாம். அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேர நடையில் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த அப்பெருங்கோயிலைச் சூழ்ந்து ஒரு காலத்தில் கருங்கல் மதில் நின்றது. அதன் பெரும்பகுதி இன்று இல்லை. அது எங்கே போயிற்று?

கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையினும் தாழ்ந்தது. ஆதலின் முக்கொம்பில் நீர் கொள்ளிடத்தையே நாடிற்று. தஞ்சை வயல்கள் வாடின. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836இல் அங்கே மேலணை கட்டி, நீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். அவ்வாறு திருப்பினால் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியை நம்பிய உழவர் என் செய்வர்? அவர்கள் பொருட்டே கீழணை எழுந்தது. ஆழங்காணாத மணலில் அடித்தளம் நிறுத்தும் முறையை நம் பழைய கல்லணையிடமிருந்து கற்றதாகக் காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். பெருந்தன்மையான சொல்தான்.

ஆனால் அணைக்குக் கல் வேண்டுமே! இப்பகுதி வண்டல் நிலம். நல்ல கருங்கல்லுக்கு மேற்கேயுள்ள குன்றுகளைத்தான் நாட வேண்டும். மாட்டுவண்டிக் கூலியோ மிகுதி. பக்கத்திலோ செதுக்கி அடுக்கிய கல், மதிலாக நின்றது. மதிலை இடித்தார்கள். சிற்பம் பொருந்திய கற்களும் உடன் போயின. ஊர் மக்கள் தம்மால் இயன்றமட்டும் தடுத்தனர், கிடைத்தது தண்டனை. கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அரசினர் வாக்களித்தனர். 1855இல் வெளிவந்த குறிப்பொன்று, அவ்வாக்கு நிறைவேறவேயில்லை என்று வருத்தத்துடன் கூறுகிறது.

மாணவர்களே, உங்களுள் சிலர் பட்டயப் படிப்பு முடித்துப் பணியிடத்தில் மேற்பார்வையாளராக நிற்பீர்கள். கையில் அளவுப் புத்தகம் இருக்கும். நீளம், அகலம், உயரம், கன அடி எல்லாவற்றிற்கும் அதில் இடமுண்டு. கல் யாருடையது என்று எழுதுவதற்கு இடமில்லை. கீழணைக் கணக்கில் மதிற்கல் மலிவாகத் தோன்றியதற்குக் காரணம், அதன் விலையை ஊரார் தலையில் சுமத்தியதுதான். அணை வேண்டாமென்று எவரும் சொல்ல மாட்டார். வேறு கல் தேடியிருந்தால் வேலை சில மாதம் தாழ்ந்திருக்கும், செலவு ஏறியிருக்கும்; அவ்வளவே என்பது என் எண்ணம்.

கீழணை நீர் வடவாற்றின் வழியே, சோழர் அமைத்த வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004இல் அந்நீர் சென்னைக்கும் சென்றது. அதே ஆண்டில்தான் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில், மதிலிழந்த கோலத்திலேயே, உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது.