அகத்தியர் மலையும் காவிரிப் பெண்களும்

தஞ்சை வட்டாரத்தில் வளரும் பெண்ணுக்குக் காவிரியின் கதை ஓர் ஆணின் கையிலிருந்து தொடங்குகிறது. அகத்தியரின் கமண்டலத்துக்குள் அவள் அடைபட்டிருந்தாள், காகமாக வந்த பிள்ளையார் அதைக் கவிழ்த்துவிட்டார், சோழநாடு செழித்தது. ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணி விட்டு, கலந்த சாதம் படைத்து, அவளை மசக்கைக்காரியாகக் கொண்டாடும் பெண்களும் இதே கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

மணிமேகலையின் பதிகத்தில் இன்னும் ஒரு காட்சி உண்டு. சோழன் காந்தமன் வேண்ட, அகத்தியரின் கரகம் கவிழ்ந்து காவிரி கிழக்கே ஓடிக் கடலோரம் வந்து சேர்கிறாள். அங்கே அவளை எதிர்கொள்பவள் முதியவளான சம்பாபதி. தன் பெயரால் வழங்கிய ஊரை அவள் காவிரியின் பெயருக்கு ஆக்கிவிடுகிறாள். ஆக, காவிரிப்பூம்பட்டினம் என்பது ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்த பெயர். குடகு மரபிலோ காவிரி அகத்தியரின் மனைவி. தன்னைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை வைத்து மணந்தவள். அவர் அதை மீறியதும் தானே ஆறாகிப் புறப்பட்டுவிடுகிறாள்.

காவிரி பிறப்பது குடகின் தலைக்காவிரியில். ஆனால் தமிழின் ஆதி இலக்கணியாக நாம் பாடம் நடத்தும் அகத்தியருக்கு மரபு தந்த இருப்பிடம், தாமிரபரணி பிறக்கும் பொதிகை. அங்குள்ள அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். அதைச் சுற்றிய காடுகள் 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாயின. 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தன. கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரியில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டும் மலையேற அனுமதிக்கிறது. அந்த அனுமதி 2018 வரை பெண்களுக்குச் சிகரம்வரை நீளவில்லை. முனிவர் பிரம்மச்சாரி என்றார்கள். அப்படியானால் லோபாமுத்திரை யார்? ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில், உழைத்துத் தளர்ந்த மனைவியாகத் தன் ஆசையை அகத்தியரிடம் வாய்விட்டுச் சொல்பவள் அவள்.

பெண்கள் அமைப்புகள் வழக்காடின. பாலின அடிப்படையில் தடுக்கக் கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14 அன்று புறப்பட்ட முதல் குழுவில் பாதுகாப்புத்துறையின் செய்தித் தொடர்பு அதிகாரி தன்யா சனல் இருந்தார். அதே நாளில் காணிப் பழங்குடியினர் போனக்காட்டில் எதிர்ப்புத் தெரிவித்தனர்; யாரையும் மறிக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து நானும் போனேன். போனக்காட்டிலிருந்து ஒரு பகல் நடந்தால் அதிருமலை முகாம், மறுநாள் சிகரம். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். வழிகாட்டியாக வந்தவர் காணி. உச்சியில், மூடுபனிக்குள் நின்ற அகத்தியர் சிலையைத் தொலைவிலிருந்தே கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை வெளியுலகம் அறிந்தது இம்மக்களிடமிருந்துதான். அவர்கள் கும்பிடும் மலைக்கு இன்று அனுமதிச்சீட்டு தருவது வனத்துறை. என் உரிமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்களுடைய மனத்தாங்கலை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் மாட்டேன்.

வழக்கில் ஒரு பக்கம் மலையேற விரும்பிய பெண்கள், மறுபக்கம் காணிகளின் மரபு என்றே செய்திகள் எழுதப்பட்டன. அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் காணிப் பெண்கள் இருக்கிறார்கள். நீதிமன்றம் நமக்குப் பாதை திறந்துவிட்டது. சம்பாபதி செய்தது போல வந்தவளுக்கு இடம் கொடுக்க, அந்த இடம் தன்னுடையது என்று சொல்லும் உரிமை முதலில் ஒருத்திக்கு இருக்க வேண்டும். அந்த மலையைப் பற்றிக் காணிப் பெண்கள் சொல்லும் கதை எது என்று கேட்பதுதான், ஏறி இறங்கிய நமக்கு அடுத்த வேலை.