விடுபட்ட வாரிசின் சொத்துரிமை

விடுபட்ட வாரிசின் சொத்துரிமை என்பது, இறந்த பெற்றோரின் வாரிசுச் சான்றிதழிலோ பாகப்பிரிவினையிலோ பெயர் சேர்க்கப்படாத பிள்ளைக்குச் சட்டப்படி உள்ள பங்கு. ‘சீர் செய்து அனுப்பியாயிற்று’ என்று மணமான மகளும், முன்பே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகளும், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளும் இவ்வாறு விடப்படுவதுண்டு. இக்கட்டுரை தமிழ்நாட்டில் இந்துக்களுக்குப் பொருந்தும் சட்டத்தைப் பற்றியது. இசுலாமியர், கிறித்தவர் வாரிசுரிமை விதிகள் வேறு.

உரிமை பிறக்கும் நேரம்

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி (1956), உயில் எழுதாமல் இறந்த ஆணின் தனிச்சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோருக்கு ஆளுக்கொரு சமபங்கு உண்டு. முன்பே இறந்த பிள்ளையின் பங்கு அவர் குடும்பத்துக்குச் சேரும். தந்தை இறக்கும்போது கருவிலிருந்து, பின்னர் உயிருடன் பிறக்கும் குழந்தையும் வாரிசே. இறந்த கணத்திலேயே இவ்வுரிமை பிறந்துவிடுகிறது.

பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989இல் பிறப்புரிமை அளித்தது. 2005இன் மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அத்திருத்தம் வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோரின் சொத்தில் பங்குண்டு. பூர்வீகச் சொத்தில் பெற்றோருக்குரிய பங்கிலும் அது உண்டு என்று 2023இல் அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சான்றிதழின் எல்லை

வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் உறவைக் காட்டும் ஆவணம், சொத்துரிமையைத் தீர்மானிப்பதன்று. அதில் பெயர் இல்லாததால் பங்கு அழிவதில்லை. வங்கிக் கணக்கின் நியமனதாரரும் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. வாரிசுகளின் உரிமை அவரால் மறைவதில்லை.

தீர்வு

பெயரைச் சேர்க்க வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். தகராறு எழுந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடர வேண்டும். உடன்பிறந்தவர்கள் சொத்தை விற்றிருந்தாலும், பொதுவாக அந்தக் கிரயம் அவர்கள் பங்கையே கட்டுப்படுத்தும். கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர், அதை அறிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும்.

உரிமை இழக்கும் வழிகள்

தனிச்சொத்தைப் பெற்றோர் உயில் மூலம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், விடுபட்ட பிள்ளை அதில் கட்டாயப் பங்கு கோர முடியாது. தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பிள்ளையே எழுதிக் கொடுத்தாலும் பங்கு போய்விடும். பிறர் பெயரை விட்டதால் போகாத உரிமை, படிக்காமல் இட்ட சொந்தக் கையெழுத்தால் போகக்கூடும்.