கரிசல் பெண்களும் சமத்துவமும்: காது, ரவிக்கை, கூலி, பங்கு

எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் எப்போதும்வென்றானும், அதைச் சுற்றிக் கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வரை விரியும் கரிசல் காடும் மானாவாரி பூமி. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுபவை. மழை பொய்த்த வருஷம் விதைக்கும் வட்டிக்கும் கைகொடுப்பது வீட்டுப் பெண்ணின் நகை. பெண்ணின் தோற்றத்தைப் பற்றி இந்த வட்டாரத்தில் எழுந்த ஒவ்வொரு வாக்குவாதத்துக்குள்ளும் சொத்து, சாதி, கூலி என்ற மூன்றும் கலந்திருந்ததற்கு இதுவே முதல் காரணம். அந்த வாக்குவாதங்களில் பெண்கள் ஒரே பக்கம் நின்றதும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் பல சாதிப் பெண்களுக்கும் பொதுவாக இருந்த அடையாளம் வடிந்த காது. பிள்ளைப் பருவத்திலேயே காதைக் குத்தி, துளையில் பஞ்சும் ஓலைச் சுருளும் வைத்துப் பெரிதாக்கி, பிறகு கனமான குணுக்கை மாட்டித் தோளைத் தொடும்வரை காது வளர்ப்பார்கள். வளர்ந்த காதில் பாம்படம், தண்டட்டி, முடிச்சு, பூச்சிக்கூடு என வரிசையாக ஏறும். மேல்காதில் கொப்பும் முருகும் இருக்கும். பாம்படத்தின் உள்ளே அரக்கு, வெளியே பொன் தகடு. பார்வைக்குத் தெரிகிற அளவு பொன் அதில் கிடையாது என்றாலும், அடகுக்கடையில் செல்லுபடியாகிற அளவுக்கு இருந்தது. வளர்க்காத காது ‘மூளிக்காது’. அது வறுமைக்கும் வக்கற்ற வீட்டுக்கும் அடையாளமாகப் பேசப்பட்டது. குழந்தையின் காதை வளர்க்கச் சொன்னவர்களும் வளர்த்தவர்களும் பெரும்பாலும் வீட்டுக் கிழவிகளே.

இதற்கு முதல் எதிர்ப்பு மிஷன் பள்ளிகளிலிருந்து வந்தது. திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி ஆகிய ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கான படிப்பு வேரூன்றியது. இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல்லின் மனைவி எலைசா, விடுதிப் பள்ளியோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். அவருடைய தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த தொழில் அது. படிப்போடு சேர்த்துச் சொந்த வருமானத்துக்கு ஒரு வழியும் காட்டியதால்தான் இந்தப் பள்ளிகள் சொன்னது வீடுகளுக்குள் எடுபட்டது என்று கொள்ள இடமுண்டு. காது வளர்ப்பது அநாகரிகம் என்ற எண்ணம் பள்ளிக்குப் போன தலைமுறையில் பரவ, வளர்த்த காதை வெட்டித் தைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஒரே வீட்டில் பாட்டிக்கு வடிகாது, தாய்க்குத் தைத்த காது, பேத்திக்குக் கம்மல் என மூன்று தலைமுறை மூன்று விதமாக இருந்த காலம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி. தைத்துக்கொண்டவளுக்கு அது விடுதலை. பாட்டியின் கணக்கில், பெண்ணுக்கென்று இருந்த ஒரே உண்டியல் உடைந்துபோனது. இந்தக் கணக்கை வெறும் பழமைப் பிடிப்பு என்று தள்ளிவிட முடியாது. 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வரும்வரை கூட்டுக்குடும்பச் சொத்தில் விதவைக்குக் கிடைத்தது பெரும்பாலும் சோறும் துணியும்தான். அந்தச் சட்டமும் ஆயுள்கால உரிமையைத்தான் தந்தது. அவள் யாரையும் கேட்காமல் விற்கக்கூடிய சொத்து, உடம்பில் கிடந்த சீதனம் மட்டுமே.

ரவிக்கையின் வரலாறு இதைவிடக் கடுமையானது. தெற்கே திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மேலாடை அணிவதைச் சுற்றி 1820களிலிருந்து நடந்த தோள்சீலைக் கலகம், 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச அறிவிப்போடு ஒரு கட்டத்துக்கு வந்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கொடுத்த நெருக்கடி அதன் பின்னால் இருந்தது. மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் மறைக்கும் விதத்தில் மறைக்கக் கூடாது என்று அந்த அறிவிப்பே ஒரு வரம்பு போட்டது. மறைப்பதா வேண்டாமா என்பது அல்ல, யாரைப்போல மறைப்பது என்பதே தகராறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கரிசலில் ரவிக்கை போடாத கிழவிகள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். கண்டாங்கிச் சேலையின் முந்தானையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ‘சட்டை’ போடுவது மினுக்கு என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. போடாமலிருப்பதைத் தாமே தேர்ந்துகொண்ட இந்தப் பெண்களுக்கும், போடக் கூடாது என்று தடுக்கப்பட்ட பெண்களுக்கும் இடையிலான தூரத்தை 1930 திசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்தது காட்டுகிறது. அங்கே கள்ளர்கள் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது, பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது என்பவை அவற்றில் சில. மீறிய இடங்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. இவற்றை 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே.எச். ஹட்டன் பதிவுசெய்திருக்கிறார்.

அதே மாவட்டத்தில், அதே 1931இன் ஆகஸ்டில், விருதுநகரில் மூன்றாவது சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்கள் மாநாடும் அதையொட்டி நடந்தது. இதற்கு முன்பே, 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த முதல் மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. ‘குடி அரசு’ இதழில் பெரியார் நகையை விட்டொழிக்கவும் கூந்தலைக் கத்தரிக்கவும் பெண்களை அழைத்துக்கொண்டிருந்தார். ஆக, ஒரே மாவட்டத்தில் ஒரே காலத்தில் ஒரு பகுதிப் பெண்களிடம் நகையைக் கழற்றுங்கள் என்று இயக்கம் சொன்னது. இன்னொரு பகுதிப் பெண்களை நகை போட்டால் அடிப்போம் என்று ஊர் மிரட்டியது. முதல் கூட்டத்துக்குப் பொன் தளை, இரண்டாவது கூட்டத்துக்குப் பொன் மானம். சமத்துவம் என்றால் அணிவதா கழற்றுவதா என்ற கேள்விக்கு, எந்தத் தெருவில் நின்று கேட்கிறோம் என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. சீர்திருத்த எழுத்துகளில் இந்த முரண் அவ்வளவாக இடம்பெறாதது ஒரு குறையே.

தேசிய இயக்கமும் பெண்களின் நகையைக் கேட்டது, வேறொரு காரணத்துக்காக. 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைக் கையிலெடுத்த வை.மு. கோதைநாயகி அம்மாள் காந்தியைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் துறந்து கதருக்கு மாறினார். 1934இல் அரிசன நிதிக்காகக் காந்தி தெற்கே சுற்றியபோது, மலபாரின் வடகரையில் கௌமுதி என்ற இளம்பெண் அணிந்திருந்த நகை முழுவதையும் கழற்றிக் கொடுத்தார். இனி அணிவதில்லை என்றும் சொன்னார். காந்தி கேட்டது தியாகம், பெரியார் கேட்டது சுயமரியாதை. பஞ்சத்தில் எதை அடகு வைப்பது என்ற கிழவியின் கேள்விக்கு, செங்கற்பட்டுத் தீர்மானத்தின் சொத்துரிமைக் கோரிக்கை மட்டுமே பதிலாக இருந்திருக்கும். அது சட்டமாக அறுபது ஆண்டுகள் பிடித்தன.

எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி இந்த வரிசையில் கொஞ்சம் விலகி நிற்கிறார். 1905இல் அவரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய ‘சக்ரவர்த்தினி’ பெண்களுக்கான மாத இதழ். அதே ஆண்டின் காசி காங்கிரசுக்குப் போனபோது சகோதரி நிவேதிதையைச் சந்தித்ததும், மனைவியை ஏன் அழைத்துவரவில்லை என்று அவர் கேட்டது பாரதியை உலுக்கியதும் பலரும் அறிந்தவை. ஆனால் ஏழு வயதில் பாரதிக்கு வாழ்க்கைப்பட்ட செல்லம்மாள், அக்கிரகாரத் தெருவில் கணவனோடு கைகோத்து நடக்க நேர்ந்தபோது பட்ட கூச்சமும் இந்த வரலாற்றில் சேர வேண்டியதே. ஊர் ஏச்சைத் தாங்க வேண்டியிருந்தது கவிஞரைவிட அவருடைய மனைவிக்கு.

பெண்கள் ஒருவரையொருவர் வெளிப்படையாக எதிர்த்து வாதாடிய முதல் பெரிய களம் தேவதாசி ஒழிப்பு. சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி மசோதா கொண்டுவந்தார். அந்த மரபிலிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசியும், 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதியும் ஒழிப்பை ஆதரித்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்களோ தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். 1947இல் சட்டம் நிறைவேறியது. நாகரத்தினம்மாளின் தரப்பைப் பிற்போக்கு என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது எளிது. பெண்ணுக்குப் பெண் வாரிசாகச் சொத்து இறங்கிய அரிய குடும்பங்கள் அவை என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

கரிசலில் அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது தொழிற்சாலை. கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று பரவியது. ஊர்ப் பேச்சில் அது தொழிற்சாலை அல்ல, ‘தீப்பெட்டி ஆபீஸ்’. கட்டை அடுக்குவதும் குச்சி அடைப்பதும் பெண்கள், சிறுமிகள் வேலையாயின. கூலி நாள்கணக்கில் அல்லாமல் எண்ணிக்கைக் கணக்கில். களையெடுப்பிலும் பருத்தி எடுப்பிலும் ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கிய பெண்ணுக்கு இதில் ஒரு சலுகை தெரிந்தது: வெயில் இல்லை, மழை பொய்த்தாலும் வேலை உண்டு, காசு தன் கைக்கே வரும். இன்னொரு பக்கம், பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் விடியுமுன்னே ஆபீஸ் வண்டியில் ஏறினார்கள். பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ படம் காட்டுவது இந்த வாழ்க்கையைத்தான். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசி பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தபிறகு பிள்ளைகள் படிப்படியாக வெளியேறினார்கள். அந்தத் தலைமுறைப் பெண்களிடம் இன்றும் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம்: என் படிப்பைத் தின்றது ஆபீஸ் என்பது ஒன்று, என் கல்யாணத்துக்கு நகை சேர்த்ததும் அதே ஆபீஸ் என்பது மற்றொன்று.

உழைக்கும் பெண்ணின் சமத்துவம் படித்த பெண்ணின் சமத்துவத்திலிருந்து வேறுபடுகிறது என்பதை 1990களில் எழுத்தாகவே வைத்தவர் பாமா. ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) இரண்டிலும் தலித் பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே போகும் சுதந்திரம் ஏற்கெனவே இருக்கிறது, ஏனென்றால் வேலைக்குப் போகாமல் அடுப்பு எரியாது. அவளுக்கு இல்லாதது அடி வாங்காமல் வாழும் உரிமையும் அதே வேலைக்கு அதே கூலியும். சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. என்றாலும் கிராமத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது கண்ணால் காணும் நடைமுறையானது, 2008க்குள் எல்லா மாவட்டங்களுக்கும் வந்த நூறு நாள் வேலைத் திட்டத்தில்தான். சொந்த நிலம் வைத்திருக்கும் பெண்கள் இந்தத் திட்டத்தால் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். கூலிக்குப் போகும் பெண்கள் முதன்முறையாக நிழலில் உட்காரப் பேரம் பேச முடிகிறது என்கிறார்கள். சாதியும் நிலமும் பிரித்த இடத்தில் பால் ஒன்றுசேர்க்கவில்லை.

தோற்றம் பற்றிய இன்றைய சண்டைகள் துணியிலும் நிறத்திலும் நடக்கின்றன. பாவாடை தாவணி போய்ச் சுடிதார் வந்தது. நடுத்தர வயதுப் பெண்களிடம் நைட்டி வந்தது. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டால் தெருக்குழாய்க்கும் ரேஷன் கடைக்கும் போகலாம் என்பது யாரும் எழுதிவைக்காத ஒரு சமரசம். கோயிலுக்கு ஜீன்ஸ், லெக்கிங்ஸ் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு 2016 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, வரவேற்றவர்களிலும் எதிர்த்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். பின்னர் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. நிறத்தைப் பொறுத்தவரை, வெயிலில் உழைத்து வாழும் ஊரில் மணப்பெண்ணுக்கு மட்டும் சிவப்புத் தேடும் பழக்கம் வலுத்ததில் 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்புக்குப் பங்குண்டு. 2009இல் சென்னையைச் சேர்ந்த கவிதா இம்மானுவேல் கறுப்பே அழகு என்ற பரப்புரையைத் தொடங்கினார். 2020இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ நீங்கியது. கறுத்த பெண்ணுக்குக் கூடுதல் பவுன் கேட்கும் மாமியார்களின் கணக்கில் மாற்றம் மெதுவாகவே வருகிறது.

சொத்துரிமையிலோ சட்டம் முந்திக்கொண்டது, பெண்களின் கருத்து பிளவுபட்டு நிற்கிறது. 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம் அதுவரை திருமணமாகாதிருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது பிறப்பால் வரும் உரிமை என்று உறுதிசெய்தது. நடைமுறையில் பல பெண்கள் உடன்பிறந்தானுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் வர வேண்டும், தன் பங்கு கல்யாணத்தில் நகையாகக் கழிந்துவிட்டது என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். பங்கைக் கேட்டு வாங்கிய பெண்ணை முதலில் பழிப்பவர்களும் சில நேரம் நாத்தனாரும் அண்ணியுமே. காற்றாலைகளும் சூரிய மின்தகடுகளும் கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரி நிலத்துக்கு விலை ஏற்றியபின் நிலைமை மாறிவருகிறது. வில்லங்கம் பார்க்கும் நிறுவனங்கள் எல்லா மகள்களின் கையெழுத்தையும் கேட்கின்றன. ஒரே வீட்டுச் சகோதரிகளில் ஒருத்தி காசு வாங்காமல் கையெழுத்துப் போடுகிறாள், ஒருத்தி சந்தை விலையில் தன் பங்கைக் கேட்கிறாள், மற்றொருத்தி நிலத்தை விற்கவே கூடாது என்று பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறாள்.