வலிமையும் விழிப்பும்

சொற்களுக்கும் குலமுறை உண்டு. ஒரே பொருளைத் தருவனபோல் தோன்றும் இரண்டு சொற்களின் பிறப்பைத் தேடிப்போனால், அவை முற்றிலும் வேறான இரு குடும்பங்களிலிருந்து வந்தவை என்பது சிலவேளைகளில் தெரியவரும். ஒருவருடைய துடிப்பையும் சுறுசுறுப்பையும் பாராட்ட ஆங்கிலேயர் இணைத்துச் சொல்லும் 'விம்', 'விகர்' என்னும் இரு சொற்கள் அத்தகையவை. நாம் 'சீரும் சிறப்பும்' என்று மோனை நயத்தோடு சொல்வதுபோல, அவர்கள் 'விம் அண்ட் விகர்' என்பர். இரண்டுக்கும் ஊக்கம், உரம், உயிர்த்துடிப்பு என்றே அகராதிகள் பொருள் கூறும். ஆனால், அவற்றின் முன்னோர் வேறு; அவை மானிட வரலாற்றில் நடந்துவந்த பாதைகளும் வேறு.

இவற்றுள் முன்னது நம் இல்லத்தரசிகளுக்கு நன்கு அறிமுகமானதே. பாத்திரம் துலக்கும் பொருளின் பெயராக அது நம் அடுக்களைகளில் இடம்பெற்றுவிட்டது. 1904-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லீவர் சகோதரர்கள் நிறுவனம் தான் தயாரித்த துலக்கும் தூளுக்கு 'விம்' என்று பெயர் சூட்டியது. கறையை எதிர்த்துப் போராடும் ஆற்றல் அத்தூளுக்கு உண்டு என்று ஒரே அசையில் உணர்த்தும் பெயர் அது. அதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் முன்னர்தான், 1840-களில், அமெரிக்க எழுத்துகளில் 'விம்' என்னும் சொல் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. விரைவைக் குறிக்கும் ஒலிக்குறிப்பிலிருந்து அது பிறந்தது என்பாரும் உளர். எனினும், இலத்தீன் மொழியிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் இலத்தீன் கற்காத மாணவர் அரியர் என்பதை எண்ணும்போது, அக்கருத்து பொருத்தமாகவே படுகிறது.

இலத்தீனில் வலிமையைக் குறிக்கும் சொல் 'விஸ்'. அதன் இரண்டாம் வேற்றுமை வடிவமே 'விம்'. நம் இலக்கணப்படி சொன்னால் 'வலிமையை' என்பது அதன் பொருள். உரோமையர் இச்சொல்லை இரு பொருள்களில் ஆண்டனர். உடலின் உரம், மூலிகையின் வீரியம், சொல்லின் ஆற்றல் ஆகியவை ஒருபுறம். பிறர்மேல் செலுத்தப்படும் பலாத்காரம் மறுபுறம். உரோமைச் சட்டத்தில் 'விஸ்' என்பது ஒரு குற்றத்தின் பெயராகவே இருந்தது. கி.மு. 52-இல் அப்பியன் நெடுஞ்சாலையில் குளோதியுஸ் என்னும் அரசியல்வாதி கொல்லப்பட்டபோது, அவருடைய எதிரியாகிய மீலோவின்மீது இக்குற்றமே சாட்டப்பட்டது. மீலோவுக்காக வாதாட வந்தவர் நாவன்மையில் நிகரற்ற சிசெரோ. அன்று வழக்கு மன்றத்தைச் சுற்றிப் பொம்பேயுவின் படைவீரர்கள் ஆயுதங்களோடு நின்றனர். சிசெரோவின் வாதம் எடுபடவில்லை. மீலோ நாடுகடந்து வாழ நேரிட்டது. வன்முறையைத் தண்டிக்கக் கூடிய மன்றத்திற்கே வாள்களின் காவல் தேவைப்பட்டது என்பது அக்குடியரசின் அவலத்தைக் காட்டுகிறது.

அதே 'விஸ்' குற்றம் பற்றிய யூலியன் சட்டத்திற்கு நல்ல பக்கமும் ஒன்று உண்டு. மேல்முறையீடு செய்யும் உரோமைக் குடிமகனைச் சாட்டையால் அடிக்கும் அல்லது கொல்லும் அதிகாரியையும் அது குற்றவாளியாக்கியது. எருசலேமில் திருத்தூதர் பவுலைச் சாட்டையடிக்கக் கட்டிய வேளையில், தாம் உரோமைக் குடிமகன் என்று அவர் சொன்னதும் ஆயிரத்தவர் தலைவர் ஏன் அஞ்சினார், பின்னர் செசரியாவில் அவர் சீசரிடம் முறையிட்டதும் ஆளுநர் பெஸ்துவால் ஏன் மறுக்க இயலவில்லை என்பவை இப்பின்னணியில் தெளிவாகின்றன. அதிகாரத்தின் வலிமையும் எல்லை மீறினால் வன்முறையே என்று ஒரு பேரரசின் சட்டம் ஒப்புக்கொண்டிருந்தது.

இலத்தீனின் 'விஸ்' பிற்காலத்தில் ஆங்கிலத்திற்கு இரண்டு பிள்ளைகளைத் தந்தது. ஒன்று, நாம் பார்த்த 'விம்', மற்றது, 'வயலன்ஸ்'. பாராட்டுக்குரிய துடிப்பும் பழிக்கத்தக்க வன்முறையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! இது நமக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. நம் தமிழிலும் 'வல்' என்னும் ஒரே வேரிலிருந்துதான் வல்லமையும் வல்லுநரும் தோன்றினர். வன்கண்மையும் வன்முறையும் தோன்றின. வலிமை தன்னளவில் நல்லதா தீயதா என்று மொழி தீர்ப்புச் சொல்வதில்லை. அது எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்துப் பெயரிடுகிறது.

விவிலியத்திலும் இச்சொல் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருத்தந்தை தாமசுஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க, புனித எரோணிமுஸ் நற்செய்தி நூல்களின் இலத்தீன் பெயர்ப்பைத் திருத்தியமைத்தார். அதில், விண்ணரசு வலிமைக்கு ஆளாவதைப் பற்றிப் பேசும் மத்தேயு 11:12-இல் இடம்பெறுவது இந்த 'விம்' என்னும் வடிவமே. 1582-இல் வெளிவந்த ஆங்கிலக் கத்தோலிக்கப் புதிய ஏற்பாடு அதனை 'வயலன்ஸ்' என்று பெயர்த்தது. திருச்சபைத் தந்தையர் பலர், தன்னையே அடக்கி வெல்லும் தவமுயற்சியை இவ்வசனம் குறிப்பதாகக் கொண்டனர். விண்ணரசின் தூதுவர்கள் அடைந்த துன்பத்தையே இது குறிக்கிறது என்பார் இன்றைய அறிஞருள் பலர். துணிவா, தாக்குதலா என்ற ஐயம் மொழிபெயர்ப்பாளரின் குறையால் எழுந்ததன்று; அச்சொல்லின் கருவிலேயே இருப்பது.

இனி, 'விகர்' என்னும் இரண்டாவது சொல்லைக் காண்போம். 'செழித்திருத்தல், உயிர்ப்போடிருத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து இது பிறந்தது. இதன் சுற்றத்தார் சுவையானவர்கள். காய்கறியைக் குறிக்கும் 'வெஜிடபிள்' இதன் உறவு. உயிர்ப்போடு வளர்வது என்பதே அதன் பழம்பொருள். இரவுக் காவலையும் கண்விழிப்பையும் குறிக்கும் 'விஜில்' இதன் நெருங்கிய உறவு. விழித்தெழுவதைக் குறிக்கும் 'வேக்', காத்து நோக்குவதைக் குறிக்கும் 'வாட்ச்' என்னும் ஆங்கிலச் சொற்களும் அதே தொன்மையான வேரைச் சேர்ந்தவை என்பர் மொழிநூலார். உரோமையர் இரவை நான்கு காவல் வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 'விஜிலியா' என்றனர். ஆண்டவர் கடல்மீது நடந்து சீடரிடம் வந்தது நான்காம் காவல் வேளையில் என்று மத்தேயு குறிப்பது இதைத்தான். கி.பி. 6-இல் உரோமை நகரில் தீயணைக்கவும் இரவில் காவல் காக்கவும் அகுஸ்து பேரரசர் அமைத்த படைக்கும் 'விழித்திருப்போர்' என்னும் பொருள்பட 'விஜிலெஸ்' என்றே பெயர். பாஸ்கா இரவில் புதிய தீயைச் சுற்றி நாம் கூடும் திருவிழிப்பும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே.

ஆக, முன்னது வலிமையின் பிள்ளை. பின்னது விழிப்பின் உறவு. வெளியே பாய்வது ஒன்று. உள்ளே அணையாமல் எரிவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு, 'விம்' என்னும் சொல்லை வளர்த்த அமெரிக்க நாட்டின் வரலாறே சான்று.

1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், அப்போது நியூயார்க் மாநில ஆளுநராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், சிகாகோ நகரில் புகழ்பெற்ற உரையொன்றை ஆற்றினார். சோம்பலையும் சொகுசையும் வெறுத்து, கடும் முயற்சி நிறைந்த வாழ்வை ஏற்க வேண்டும் என்பது அதன் மையக்கருத்து. இளமையில் ஈளை நோயால் வருந்தி, இடைவிடாப் பயிற்சியால் உடலை வலுவாக்கிக்கொண்டவர் அவர். அவ்வறிவுரையைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. ஆனால், தனிமனிதருக்குச் சொன்ன அறிவுரையை அவர் நாட்டுக்கும் நீட்டினார். பிலிப்பைன்ஸ் தீவுகளை அடக்கியாளும் பொறுப்பிலிருந்து ஊக்கமுள்ள ஒரு நாடு பின்வாங்கலாகாது என்று வாதிட்டார். முந்தைய ஆண்டு இஸ்பானியரிடமிருந்து உடன்படிக்கை வழியே பெற்ற அத்தீவுகளில், விடுதலை வேண்டிய மக்களோடு அமெரிக்கப் படை ஏற்கெனவே போரிட்டுக்கொண்டிருந்தது.

1901 செப்டம்பரில் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானார். அதே மாதம் 28-ஆம் நாள், சாமார் தீவிலுள்ள பாலாங்கிகா என்னும் ஊரில், கட்டாய வேலையாலும் உணவுப் பறிமுதலாலும் கொதித்திருந்த மக்கள் அமெரிக்கப் படைவீரர்களைத் தாக்கினர். 40-க்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். தாக்குதலின்போது கோவில் மணி ஒலித்தது என்பர். பழிவாங்கப் புறப்பட்ட படையினர் ஊரை எரித்தனர். பத்து வயதுக்கு மேற்பட்டோரைக் கொல்லுமாறு தளபதி ஜேக்கப் ஸ்மித் ஆணையிட்டது பின்னர் 1902-இல் இராணுவ நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. கண்டிக்கப்பட்ட அவரை ரூஸ்வெல்ட் ஓய்வுபெறச் செய்தார். எரிந்த ஊரின் கோவில் மணிகள் மூன்றும் போர்ப் பரிசாக எடுத்துச் செல்லப்பட்டன. செபத்திற்கு மக்களை எழுப்ப வேண்டிய மணி முதலில் தாக்குதலின் அடையாளமாயிற்று. பின்னர் வென்றவனின் கொள்ளைப் பொருளாயிற்று. வலிமை வெறியாகும்போது விழிப்பின் குரலையும் அது தன் ஏவலுக்கு ஆளாக்கிவிடுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்து, 2018 டிசம்பரில்தான் அம்மணிகள் பாலாங்கிகா மக்களிடம் திரும்பி வந்தன.

'விகர்' என்னும் சொல்லைத் தமக்கே உரியதாக்கிக் கொண்ட மற்றொரு தலைவர், அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி. அவர் தம் பாஸ்டன் வட்டாரப் பேச்சு வழக்கில் அதை 'விகா' என்று ஒலித்ததைப் பகடி செய்யாதவர் அந்நாளில் இல்லை. நாட்டு மக்கள் உடலுறுதியை இழந்துவருவதாகக் கவலைப்பட்ட அவர், 1960-லும் 1962-லும் அதைப்பற்றி இதழ்க் கட்டுரைகள் எழுதினார். இராணுவ அதிகாரிகள் மூன்று நாள்களில் 50 மைல் நடக்கவேண்டும் என்ற ரூஸ்வெல்ட்டின் பழைய ஆணை 1963-இல் நினைவுகூரப்பட்டபோது, நாடெங்கும் மக்கள் ஆர்வத்தோடு நடக்கத் தொடங்கினர். அத்தனைக்கும், கென்னடியின் உடல் நோயின் இருப்பிடம். அட்ரினல் சுரப்பியைத் தாக்கும் அடிசன் நோயும் தீராத முதுகுவலியும் அவரை வாட்டின. அந்நோயின் உண்மை நிலை மக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது.

ஆனால், அவருடைய உண்மையான ஊக்கம் நடைப்பயணத்தில் வெளிப்படவில்லை. 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் நடந்த படையெடுப்புக்கு இசைவளித்து, அது தோல்வியில் முடிந்ததைக் கண்டவர் அவர். மறு ஆண்டு அக்டோபரில் அதே கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்பட்டது தெரிந்தபோது, உடனே குண்டு வீசுவதே வலிமை என்று தளபதிகள் வற்புறுத்தினர். அவர் பொறுத்தார்; கேட்டார்; மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தார். இறுதியில், கடல்வழித் தடையைத் தேர்ந்துகொண்டார். அக்டோபர் 25-ஆம் நாள் திருத்தந்தை 23-ஆம் யோவான் வத்திக்கான் வானொலி வழியாக, மானிடத்தின் கூக்குரலுக்குச் செவிசாய்க்குமாறு ஆட்சியாளரை வேண்டினார். அக்டோபர் 28-இல் நெருக்கடி தணிந்தது. போர்க்களத்தில் பயன்படும் சிறு அணு ஆயுதங்களும் அன்று கியூபாவில் இருந்தன என்பது 1992-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அன்று 'விம்' வென்றிருந்தால், இன்று இதை எழுதவோ படிக்கவோ எத்தனை பேர் எஞ்சியிருப்பர்? அந்த 13 நாள்களும் உலகைக் காத்தது விழித்திருந்தவர்களின் நிதானமே.

வலிமை வேண்டாம் என்பதன்று இதன் முடிவு. ஊக்கமுடைமைக்கும் மடியின்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், வெருவந்த செய்யாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். தாக்குவோனைத் தடுக்க வலிமையைப் பயன்படுத்தலாம், ஆனால் தேவைக்கு மேல் ஆகாது என்று அளவு குறித்தார் புனித தாமஸ் அக்குயினாஸ். அந்த அளவை அறிவது எப்படி? விழித்திருப்பவனுக்கே அது புலப்படும்.

கெத்சமனித் தோட்டத்து இரவு இதனைத் துலக்கமாகக் காட்டுகிறது. தம்மோடு விழித்திருக்குமாறு ஆண்டவர் சீடர்களைக் கேட்டபோது, இலத்தீன் விவிலியம் அவருடைய வாயில் வைக்கும் சொல் 'விஜிலாத்தே'. 'விகர்' பிறந்த குடும்பத்துச் சொல். பேதுருவால் ஒருமணி நேரங்கூட விழித்திருக்க முடியவில்லை. ஆனால், சற்று நேரத்தில் வாளை உருவி ஒருவனுடைய காதை வெட்ட அவருக்கு வலிமை இருந்தது. விழித்திருக்க இயலாத கைதான் வாளைத் தேடியது. வெட்டுண்ட செவியைத் தொட்டுக் குணமாக்கியவரோ, அவ்விரவு முழுவதும் கண்விழித்திருந்தவர்.