நிரப்பியது போக மிச்சமிருக்கும் கடல்

மும்பையில் டிசம்பர், ஜனவரியில் கடல் சாதுவாகிவிடும். அந்த மாதங்களில் ஞாயிறு காலை ஜுஹூவில் பத்துப் பன்னிரண்டு பேர் கடலில் நீந்துகிறோம். குஜராத்தி, மராத்தி, மலையாளி எல்லாரும் உண்டு. தமிழன் நான் ஒருவன்தான். "சாக்கடையில விழுந்துட்டு வர்றார்" என்பாள் வீட்டுக்காரி. முழுப் பொய் என்றும் சொல்வதற்கில்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஞாயிறு வந்தால் இன்னும் விசேஷம். இங்கே அந்த நாட்களில் விடியும் நேரத்தில் கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும். தண்ணீர் ஏறும்வரை பாறைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். சங்கு ஓட்டைச் சுமந்து ஓடும் நண்டு, தொட்டால் சுருங்கும் கடல்சாமந்தி. ஒருநாள் பொந்துக்குள் நிறம் மாறிக்கொண்டே ஒரு பேய்க்கணவாய்! இந்தத் தண்ணீரில் எதுவும் உயிரோடு இருக்காது என்று 11 வருடம் நம்பியிருந்தேன்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. நான் சிவில் என்ஜினியர். கடலை நிரப்பித்தான் இந்த ஊரே வந்தது. முதலில் ஏழு தீவுகள். 18ஆம் நூற்றாண்டில் ஹார்ன்பி என்ற ஆளுநர் காலத்தில் மகாலட்சுமிக்கும் வர்லிக்கும் நடுவே கடல் புகுந்த வழியை அடைத்தார்கள். கட்டக் கட்டச் சுவர் இடிந்ததாம். கடலுக்குள் கிடந்த அம்மன் சிலைகளை எடுத்துக் கோயில் கட்டிய பிறகே நின்றது என்பது ஐதீகம். நாம் நவராத்திரிக்கு வரிசையில் நிற்கும் அதே மகாலட்சுமி கோயில்தான். பிறகு மெரைன் டிரைவ், நரிமன் பாயின்ட் எல்லாமே கடலில் மண் கொட்டி எடுத்தவை.

2018-ல் கோஸ்டல் ரோடு வேலை தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம்தான் 'மெரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்ற குழுவினர் கரையோரம் நடந்து, கண்டதையெல்லாம் படமெடுத்துப் பதிவுசெய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஹாஜி அலி, வர்லி பாறைகளில் பவளங்கள் இருந்தன. சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. எனவே 2020-ல் அவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். சட்டத்தில் பெயர் இல்லாத நண்டுக்கும் சாமந்திக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

2024-ல் சாலை திறந்தது. மறைப்பானேன், நானும் அதில்தான் ஆபீஸ் போகிறேன். நேரம் மிச்சம்தான். ஆனால் வரைபடங்களில் கடலை வெறும் நீலமாக, ஒன்றுமில்லாத இடமாக நானும் எத்தனையோ முறை விட்டிருக்கிறேன். இப்போது அந்த நீலத்தில் கை வைக்கத் தயங்குகிறது.

ஹாஜி அலி தர்காவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? கடல் உள்வாங்கிய நேரமாகப் பார்த்துப் போங்கள். பாதையின் இரண்டு பக்கமும் குழந்தைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறையில் இறங்கினால் பார்த்துக் கால் வையுங்கள். கீழே குடியிருக்கிறார்கள்.