மூடாக்கு வைக்கோல்: பாரிஸ் தோட்டங்கள் முதல் கனெக்டிகட் வரை

காய்கறிப் பாத்தியின் மண்ணை வெயிலுக்கும் மழையடிக்கும் நேராகக் காட்டாமல் வைக்கோல், சருகு, உலர்புல் போன்றவற்றால் போர்த்தி வைப்பது மூடாக்கு எனப்படும். ஈரம் தங்கும், களை அடங்கும், மேல்மண் இறுகாது என்னும் இதன் பயன்களைத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாக அறிவர். ஆயினும் மேலைநாடுகளில் இம்முறை சில காலங்களில் ஓங்கியும் சில காலங்களில் ஒடுங்கியும் வந்திருக்கிறது. அதற்கு மண்ணைப் பற்றிய அறிவைக் காட்டிலும், வைக்கோல் எவருக்கு, எந்த நிலையில் கிடைத்தது என்பதே பெரிதும் காரணமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் இதற்குத் தெளிவான சான்று. நகருக்குள்ளும் அதன் விளிம்பிலும் மதில் சூழ்ந்த சிறு நிலங்களில் சந்தைக்கெனக் காய்கறி விளைவித்தவர்கள் ‘மரேஷே’ எனப்பட்டனர். அவர்களுள் இருவரான மொரோவும் தாவெர்னும் 1845-இல் வெளியிட்ட கையேடு இத்தொழிலின் நுட்பங்களைப் பதிவு செய்துள்ளது. நகரின் குதிரை லாயங்களில் படுக்கையாக விரித்துச் சாணமும் சிறுநீரும் ஊறிய வைக்கோல் முதலில் வெப்பப் பாத்திகளுக்குச் சென்றது. அது நொதிக்கையில் எழும் சூட்டைக் கொண்டு, குளிர்காலத்திலேயே கீரை வகைகளும் முலாம்பழ நாற்றுகளும் வளர்க்கப்பட்டன. சூடு தணிந்தபின் பாதி மக்கிய அவ்வைக்கோலே மற்றப் பாத்திகளின்மேல் மெல்லிய மூடாக்காகப் பரப்பப்பட்டது. முழுதும் மக்கியபின் உரமண்ணாகித் திரும்பவும் பயிருக்கே பயன்பட்டது. நீரை ஆளே சுமந்து ஊற்ற வேண்டியிருந்த அத்தோட்டங்களில், ஈரம் காக்கும் ஒவ்வொரு பிடி வைக்கோலும் உழைப்பைக் குறைத்தது.

லாய வைக்கோலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. வெறும் கோதுமை வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 80 பங்கு கார்பன் இருக்க, அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 25-க்கு 1 என்னும் அளவில் உணவை நாடுவதால், குறையும் நைட்ரஜனை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். வைக்கோலை மண்ணோடு கலந்துவிட்டால் பயிர் வெளிறுவது இதனாலேயே. மேலே பரப்பினால் இவ்விளைவு மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கோடு பெரும்பாலும் நின்றுவிடும். சிறுநீர் ஊறிய வைக்கோலிலோ அக்குறை முன்னரே பெருமளவு தீர்ந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் வந்து குதிரைகள் மறைந்தபோது இவ்வரத்து வற்றியது. தொலைவிலிருந்து ரயிலில் வந்த காய்கறியும் நகர நிலத்தின் விலையேற்றமும் சேர்ந்து அத்தோட்டங்களை ஒடுக்கின.

அடுத்த எழுச்சி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், உழவு இயந்திரத்துக்காகக் காத்திருந்து சலித்த ரூத் ஸ்டவுட் (1884–1980) என்பவரிடமிருந்து தொடங்கியது. 1944-இல் உழுவதைக் கைவிட்ட அவர், ஆண்டு முழுவதும் தோட்டத்தை உலர்புல்லால் மூடி, மூடாக்கை விலக்கி விதைக்கும் முறையை மேற்கொண்டு, 1955-இல் அதை நூலாக்கினார். அவர் பரப்பியது ஏறத்தாழ 20 செ.மீ. கனத்துக்கு, அதற்கு உதவியது மழையில் நனைந்து மாட்டுக்கு உதவாமற்போன புல். அது மலிவாகக் கிடைக்கும் பண்ணை நாட்டில் இம்முறை சிறு தோட்டத்துக்குச் சிறப்பாகப் பொருந்தியது. ஆனால் ஒரு பாத்தியை இவ்வளவு கனமாக மூட அதைவிடப் பன்மடங்கு பரந்த நிலத்தின் புல் வேண்டும் என்பதை இம்முறையைப் போற்றியோர் போதிய அளவு எண்ணவில்லை. உழைப்பு குறைந்தது உண்மை. உழைப்பின் ஒரு பகுதி வேறொருவரின் வயலுக்கு மாறியதும் உண்மை.

அதே காலத்தில், கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் எமரி எம்மெர்ட் 1948 முதல் தோட்டக்கலையில் பாலித்தீன் தாளைப் பயன்படுத்திப் பார்த்தார். வைக்கோல் மண்ணைக் குளிர்விக்கும். அது கோடையில் நன்மையாயினும் குளிர்நாட்டு வசந்தத்தில் தக்காளியைத் தாமதிக்கச் செய்யும். கறுப்புத் தாள் மண்ணைச் சூடாக்கி முன்விளைச்சல் தந்ததால் வணிகப் பண்ணைகள் அதை நாடின. மக்காத கிழிசல்களை அகற்றும் சுமை மட்டும் பின்னால் வந்தது.

வீட்டுத் தோட்டங்களில் வைக்கோலும் புல்லும் நிலைத்தபோதிலும், அவற்றின் தூய்மை இன்று உறுதியானதன்று. புல்வெளிகளில் தெளிக்கப்படும் அமினோபைரலிட் என்னும் களைக்கொல்லி, உலர்ந்த புல்லிலும் அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும் சிதையாது தங்கி, தக்காளி, அவரை, உருளைக்கிழங்குப் பயிர்களைச் சுருளச் செய்தது. இத்தகைய சேதங்கள் பெருகியதையடுத்துப் பிரிட்டனில் 2008-இல் அதன் விற்பனை சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே மூடாக்குக்கு வைக்கோலோ புல்லோ வாங்குவோர், அது விளைந்த வயலில் என்ன தெளிக்கப்பட்டது என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும்.