உருகியபடியே வந்த சரக்கு

மெரினா கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் விவேகானந்தர் இல்லம் 1842-இல் கட்டப்பட்டபோது, அது மனிதர்கள் குடியிருக்கும் வீடாக இல்லை. உள்ளே அடுக்கி வைத்திருந்தது அமெரிக்கக் குளத்து ஐஸ். பாஸ்டனில் பாய்மரக் கப்பல் ஏறி, நிலநடுக்கோட்டை இரண்டு தடவை தாண்டி, நான்கு மாதம் போலக் கடலில் கிடந்து வந்த ஐஸ். மின்சாரமும் கிடையாது, குளிரூட்டும் எந்திரமும் கிடையாது. உருகாமல் எப்படி வந்தது? உருகிக்கொண்டேதான் வந்தது. அதுதான் அதன் பலம்.

அது பிறந்த இடம், பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிரெஷ் பாண்ட் போன்ற நன்னீர்க் குளங்கள். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலே தங்கிவிடும். எனவே குளம் மேலிருந்து உறைகிறது. ஏடு கீழ்நோக்கித் தடிக்கிறது. உறையும் நீர் தன்னில் கரைந்திருக்கும் உப்புகளை வெளியே தள்ளிவிடுவதால், குடிக்கிற தண்ணீரில் போடத் தயங்காத அளவுக்குக் கட்டி தெளிவாக இருக்கும்.

இதைக் காசாக்க முடியும் என்று நம்பியவர் ஃபிரெடெரிக் டியூடர். 1806-இல் முதல் சரக்கை மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பியபோது ஊரே சிரித்தது. கடனுக்காகச் சிறைக்கும் போய் வந்தார். ஆனால் விடவில்லை. 1825-இல் நத்தானியல் வயெத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கலப்பையைச் செய்த பிறகு வேலை சுலபமானது. உறைந்த குளத்தின் மேல் குதிரை நடக்க, கலப்பையின் பற்கள் கோடு கிழித்துக்கொண்டே போகும். குறுக்கும் நெடுக்கும் கிழித்தால் ஒரே அளவுச் சதுரங்கள். கடப்பாரையால் பிளந்து, வாய்க்கால் வெட்டி மிதக்கவிட்டு, கரைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

ஒரே அளவு என்பது அழகுக்காக அல்ல. சதுரமான கட்டிகளைச் சந்து விடாமல் அடுக்கினால் எல்லாம் சேர்ந்து ஒரே பாறையாகிவிடும். கனசதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்காகும்; வெப்பம் நுழையும் மேற்பரப்போ நான்கு மடங்குதான். எனவே பெரிய குவியல் நிதானமாக உருகும். 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் வெட்டிக் குவித்த சுமார் பத்தாயிரம் டன் ஐஸ், மேலே போட்ட வைக்கோலையும் பலகையையும் அடுத்த ஜூலையில் எடுத்த பிறகும், வெயிலில் கிடந்தபடியே 1848 செப்டம்பர் வரை முழுதாக உருகவில்லை என்று குளக்கரையில் வாழ்ந்த ஹென்றி டேவிட் தோரோ எழுதிவைத்திருக்கிறார்.

கப்பலின் அடித்தளத்தில் ஐஸைச் சுற்றி மரத்தூளைத் திணித்தார்கள். மெய்ன் மாநிலத்து மர அறுவை ஆலைகள் வேண்டாமென்று ஒதுக்கிய கழிவு அது. தூளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இருந்தாலும் அது வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிர முழுக்கத் தடுக்காது. மீதிக் காவலை ஐஸே பார்த்துக்கொண்டது.

எப்படி என்றால் கணக்கு இதுதான். மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 5 கலோரி போதும்; அதன் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரில் பாதிதான். ஆனால் பூஜ்யத்தில் நிற்கும் அதே ஐஸை, வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல், பூஜ்ய டிகிரித் தண்ணீராக மாற்ற மட்டும் 80 கலோரி வேண்டும். கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் 1760-களில் கண்டறிந்த உள்ளுறை வெப்பம் இது. வெப்பமானி காட்டாத செலவு. உள்ளே நுழையும் வெப்பத்தை ஓரத்து ஐஸ் விழுங்கி நீராகிறது. நடுவில் இருப்பது பூஜ்யத்தைத் தாண்டுவதில்லை. 1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் சுமார் 180 டன் ஏற்றிக் கல்கத்தாவுக்குக் கிளம்பியது. செப்டம்பரில் போய்ச் சேர்ந்தது சுமார் 100 டன். மீதியை நஷ்டம் என்று எழுதக்கூடாது. எஞ்சிய 100 டன்னுக்காக 80 டன் கொடுத்த கப்பல் கூலி அது.

மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையேறிப் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். கரைக்கு எதிரே, இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார வீட்டினர், செல்வந்தர்கள்.

கோப்பையில் போட்டால் வேலை முடிந்தது. ஐஸ்கிரீம் செய்வதென்றால் இன்னொரு உத்தி வேண்டும். சர்க்கரை கரைந்த பால் பூஜ்யத்தில் உறையாது. அதற்கும் கீழே போகவேண்டும். பூஜ்யத்தில் நிற்கும் ஐஸ் அதை எப்படி உறைய வைக்கும்? பால் வாளியைச் சுற்றி ஐஸை உடைத்துப் போட்டு, கைநிறைய உப்பைத் தூவவேண்டும். உப்பு கரைந்த நீர் பூஜ்யத்தில் உறையாததால் ஐஸ் மேலும் உருகும்; அதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் பாலிடமிருந்தும் உறிஞ்சும். இப்படி மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போகலாம். பாடப்புத்தகத்தில் தொகைசார் பண்பு என்று வருவது இதுதான்: கரைந்தது என்ன பொருள் என்பதைவிட எத்தனை துகள் என்பதுதான் கணக்கு. ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரை கரைந்தால் உறைநிலை ஏறக்குறைய 1.86 டிகிரி இறங்கும். வெறும் 58 கிராம் உப்பு கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு இறக்கும். சர்க்கரை மூலக்கூறு முழுசாகவே கரைகிறது. உப்போ சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரிகிறது.

1870-களில் மதராஸிலேயே நீராவி எந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கினார்கள். அதோடு பாஸ்டன் சரக்குக்கு மவுசு போனது. ஐஸ் ஹவுஸ் கட்டடத்தைப் பிலிகிரி ஐயங்கார் என்பவர் வாங்கி வீடாக்கினார். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. பேட்டையின் பெயர் மட்டும் இன்னமும் ஐஸ் ஹவுஸ்.

எந்திரம் வந்தாலும் விதி மாறவில்லை. திரவம் ஆவியாகும்போது உறிஞ்சும் உள்ளுறை வெப்பம்தான் அங்கே குளிரைத் தருகிறது. மீன்பிடித் துறைமுகங்களுக்கு ஐஸ் கொடுக்கும் பார் ஐஸ் ஆலைகளில், தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை உப்புக் கரைசல் தொட்டியில் இறக்கி வைப்பார்கள். கரைசல் பூஜ்யத்துக்கு வெகு கீழே போயும் உறையாமல் திரவமாகவே சுற்றி வருவதால்தான் கேனுக்குள் இருக்கும் தண்ணீர் கட்டியாகிறது. அந்தக் கட்டியை உடைத்து மீன் பெட்டியில் போடும் வியாபாரி, அது உருகக்கூடாது என்று நினைப்பதில்லை. உருகுகிற வரைக்கும்தான் மீன் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் காசு கொடுப்பதே அந்த உருகலுக்குத்தான்.